உதாரணம்: என் கணவர்

நான்கு நாட்களாக டோரதி தன் மகன் அமலோடு பேசவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய எதையும் பாக்கி வைக்கவும் இல்லை.

"உங்க பையன்கிட்ட சொல்லுங்க, டிபன் பாக்ஸ்ல தயிர் இருக்குது. பைக்குள்ள சாச்சு வச்சிடப் போறான்."

பையன் இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். இந்தத் தகவலை எடுத்துச் சொல்ல வேண்டிய அவள் கணவர் ஓஸ்வால்ட் உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

"டாடி, மம்மிக்கு தேங்க்ஸ் சொல்லிடுங்க," என்றான் அமல், ஷூவைப் பார்த்தபடியே. பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. பூசைக்குப் போய்விட்டு வந்து, மட்டன் குழம்பு சாப்பிட்டு, இன்னும் கைகூடக் கழுவாத நேரத்தில் அமல் விஷயத்தைப் போட்டு உடைத்தான். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது. பெயர் ஸ்ரீரஞ்சனி. மல்லேஸ்வரத்தில் வீடு. ஐயர் வீட்டுப் பெண். அம்மாவின் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, "அவளும் நர்ஸ்தான் மம்மி," என்று அவசரமாகச் சேர்த்தான்.

அது உதவவில்லை. எங்கே வேலை, எப்படிப் பழக்கம், எத்தனை நாளாக என்று ஒரு கேள்வியும் கேட்காமல் டோரதி தட்டோடு எழுந்துவிட்டாள். கேட்டால் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

மகன் ஒரு பக்கம் என்றால், கணவர் மறுபக்கம். ஓஸ்வால்ட் எட்டு மாதத்துக்கு முன்னால் ஃபேக்டரியில் முப்பத்தாறு வருட வேலையை முடித்துக்கொண்டு, சால்வையும் மாலையுமாகப் பெங்களூர் ஜோகுபாளையம் வீட்டுக்கு வந்தவர். வந்தவர் படுத்தார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, பகல் முழுக்கப் படுக்கை. இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்காது. ஷேவ் கிடையாது. மாதா கோவில் பாடகர் குழுவில், கொயரில், இருபது வருடம் அடிக்குரலில் பாடிய மனுஷன், அந்தப் பக்கமே போகவில்லை.

டோரதி அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள்: ரிட்டயர்மென்ட் திமிர். மருந்தும் வைத்திருந்தாள்: சத்தம். ஆறு மாதம் இடைவிடாமல் சத்தம் போட்டதில், இரண்டு மாதத்துக்கு முன்னால் மனுஷர் எழுந்தார். ஷேவ் செய்தார். சாயங்காலம் அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வந்தார். ஒரு ஞாயிறு பாடவும் பாடினார். இந்த வெற்றியை டோரதி ஆஸ்பத்திரியில் சொல்லாத ஆள் இல்லை.

ஆனால் போன ஞாயிறிலிருந்து மறுபடியும் அதே சுவர். டோஸ் பத்தவில்லை என்று டோரதி முடிவு செய்தாள்.

"எழுந்திருங்க. மணி ஏழாகுது. சும்னே படுத்தே இருந்தா ஒடம்பு பெட்டோட ஒட்டிக்கும்."

"ம்."

"ம்-னா?"

"எழுந்திருக்கறேன்."

எழுந்திருக்கவில்லை. டோரதி பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் பெண்கள் மெடிக்கல் வார்டின் சீனியர் சிஸ்டர். இருபத்தேழு வருட சர்வீஸ். அவளுடைய வார்டில் சில சட்டங்கள் உண்டு. காரிடாரில் யாரும் ஓடக்கூடாது. கட்டிலில் நோயாளியைத் தவிர யாரும் உட்காரக்கூடாது. டாக்டர்கள்கூட அந்த வார்டு வாசலுக்கு வந்ததும் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.

"சிஸ்டர், பதினாலாவது பெட்டு இன்னிக்கும் இட்லி வேண்டாம்னுட்டாங்க," என்றாள் டீனா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆன சின்ன நர்ஸ்.

பதினாலாவது பெட்டு சந்திரம்மா. கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வயிற்று வலி என்று வந்து ஐந்து நாளாகிறது.

"ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல், எண்டோஸ்கோபி நார்மல். இவ்வளவு நார்மலா இருக்கறவங்க நார்மலா சாப்பிட வேண்டியதுதான? எல்லாம் நாடகம். வீட்டு வேலைக்கு டிமிக்கி. நாளைக்கு டிஸ்சார்ஜ்."

டீனா தயங்கினாள். "பத்து மணிக்கு ட்ரெயினிங் இருக்குது சிஸ்டர். டிப்ரஷன் பத்தி. எல்லாரும் கண்டிப்பா வரணுமாம்."

"டிப்ரஷனா? நமக்கு எங்க நேரம் இருக்குது அதுக்கு?" என்றாள் டோரதி. ஆனால் சர்க்குலர் என்றால் சர்க்குலர். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே செமினார் ஹாலில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பு எடுக்க வேறொரு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஒல்லியான உருவம், சின்ன மூக்குத்தி, தோளில் லேப்டாப் பை. கன்னட நர்ஸுகளிடம் கன்னடத்தில் பேசினாள். கேரளத்து நர்ஸுகளிடம் தப்பும் தவறுமான மலையாளத்தில் பேசி அவர்களைச் சிரிக்க வைத்தாள். ஃபேன் சத்தத்தை மீறிக் குரல் தெளிவாக வந்தது. டோரதிக்குப் பிடித்துவிட்டது. 'இந்த மாதிரி ஒரு பொண்ணா பாத்துப் பிடிக்கத் தெரியுதா அந்த மடையனுக்கு' என்று மகனை மனதுக்குள் ஒரு திட்டுத் திட்டினாள்.

"என் பேர் ஸ்ரீரஞ்சனி," என்றாள் அந்தப் பெண். "மல்லேஸ்வரத்துலேருந்து வரேன். டிராஃபிக்ல கொஞ்சம் லேட் ஆயிடுத்து, சாரி."

டோரதியின் பேனா கீழே விழுந்தது.

மல்லேஸ்வரத்தில் தெருவுக்கு இரண்டு ஸ்ரீரஞ்சனி இருப்பார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதில் எத்தனை பேர் நர்ஸ் என்று யோசித்ததும் சமாதானம் போய்விட்டது.

முதலில் ஒரு தாள் கொடுத்தார்கள். இருபது வாக்கியங்கள். சரியா, தவறா என்று டிக் அடிக்க வேண்டும். விருப்பமிருந்தால் பக்கத்தில் காரணம் எழுதலாம். பெயர் எழுத வேண்டாம் என்று ஸ்ரீரஞ்சனி இரண்டு முறை சொன்னாள்.

மனச்சோர்வு என்பது மனோபலம் இல்லாதவர்களுக்கு வருவது. சரி, என்று டிக் அடித்தாள் டோரதி. அதற்குத் தரும் மாத்திரை போதைப் பழக்கம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சரி. தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால், அது இல்லாதவர்களுக்கும் அந்த எண்ணம் வந்துவிடும். ரொம்பச் சரி. டிக் எல்லாம் முடித்து, காரணம் எழுத ஏழாவது வாக்கியத்துக்குத் திரும்பியதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்.

எழுதி முடித்ததும், இருபத்தேழு வருடமாக நோயாளிகளின் சார்ட்டில் செய்கிற மாதிரியே, கை தானாகக் கீழே போய் முழுப் பெயரையும் வார்டையும் தேதியையும் '10.20 காலை' என்று நேரத்தையும் எழுதிக் கையெழுத்தும் போட்டது.

ஸ்ரீரஞ்சனி தாள்களை வாங்கி, அப்படியே கவிழ்த்துக் கலைத்து, ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். "உங்க கையில இருக்கறது வேற யாரோ எழுதினது. ஒவ்வொருத்தரா எழுந்து ஏழாவது பதிலை மட்டும் படிங்க. யாருன்னு தெரியாதோல்லியோ, வெக்கப்படாம பேசலாம்."

நான்கைந்து பேர் படித்தார்கள். 'இது ஒரு நோய், சோம்பல் அல்ல' என்று பாடப்புத்தகம் மாதிரி இருந்தது எல்லாம். பிறகு டீனா எழுந்தாள். தாளைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"படிங்க," என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"மேடம்... எழுத்து சரியா தெரியல."

"தெரியற வரைக்கும் படிங்களேன்."

டீனா கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறவள் போல ஒரே மூச்சில் படித்தாள். "'ஏழாவது வாக்கியம்: மனச்சோர்வு உள்ளவர்களை அதட்டினால் சரியாகிவிடுவார்கள். பதில்: சரி. உதாரணம்: என் கணவர். ஆறு மாதம் மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு, சாப்பிடாமல், கொயருக்குப் போகாமல் படுத்திருந்தார். தினமும் அதட்டினேன். இப்போது இரண்டு மாதமாக ஷேவ் செய்கிறார்.'"

ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பின் வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். டோரதியும் சிரிக்க முயன்றாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

ஸ்ரீரஞ்சனி மட்டும் சிரிக்கவில்லை. வேகமாக வந்து டீனாவின் கையிலிருந்து தாளை வாங்கினாள். அவள் பார்வை தாளின் அடிப்பகுதிக்குப் போயிற்று. அங்கேயே சற்று நேரம் நின்றது. பிறகு நிமிர்ந்து முதல் வரிசையைப் பார்த்தாள். இரண்டு பேர் கண்களும் சந்தித்த அந்த நிமிஷத்தில் டோரதிக்குச் சந்தேகம் தீர்ந்தது. அவளேதான்.

"இத்தனை பேர்ல இவங்க ஒருத்தர்தான் மனசுல இருக்கறதை எழுதியிருக்காங்க," என்றாள் ஸ்ரீரஞ்சனி, தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தபடி. "மத்ததெல்லாம் எனக்குப் பிடிக்கணுமேன்னு எழுதினது. இனிமே படிக்க வேண்டாம். நாமே பேசலாம்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அவள் என்ன பேசினாள் என்று டோரதிக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் அமலை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் சரியான விடைகளைப் பலகையில் எழுதியபோது மட்டும் கவனித்து, தான் போட்ட டிக்குகளை நினைவிலிருந்து எண்ணினாள். இருபதுக்கு ஆறு. பக்கத்தில் டீனா தன் கணக்கைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். பதினேழு.

எல்லோரும் கலைந்த பிறகு ஸ்ரீரஞ்சனி மெதுவாக அருகில் வந்தாள்.

"ஆன்ட்டி..."

"இது ஆஸ்பத்திரி. சிஸ்டர்னு கூப்பிடு."

"சரி சிஸ்டர். உங்க தாள்ல ஒரு பேஷன்ட் பத்தி எழுதியிருக்கீங்க."

"பேஷன்ட் இல்ல. என் வீட்டுக்காரர்."

"பேரையும் உறவையும் மறைச்சிட்டுப் பாருங்கோ. தூக்கமில்ல, சாப்பாடில்ல, பிடிச்ச பாட்டு விட்டுப்போச்சு. உங்க வார்டுல இப்படி ஒருத்தர் இருந்தா என்ன செய்வீங்க?"

"எழுந்திருங்கன்னு சொல்லுவேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோளேன். எப்படி இருக்கு உங்களுக்கு, உயிரோட இருக்கப் பிடிக்கலையான்னு. அதுக்கு மேல என்னால எதுவும் சொல்ல முடியாது சிஸ்டர்."

"கேட்டா, இல்லாத நெனப்பை நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆகும்."

"அது பதினோராவது வாக்கியம்," என்றாள் ஸ்ரீரஞ்சனி தயக்கத்தோடு. "அதுலயும் நீங்க தப்பு."

டோரதி கொதித்துப்போய் வார்டுக்கு வந்தாள். மிஞ்சிப்போனால் இருபத்தாறு வயசுப் பெண். தன் சர்வீஸைவிட ஒரு வயது குறைவு. இவள் சொல்லித்தருகிறாளாம், நோயாளியிடம் என்ன கேட்பது என்று! பதினோராவது வாக்கியத்தை இன்றைக்கே கிழித்துப் போட வேண்டும். அதற்குப் பொருத்தமான ஆள் வார்டிலேயே படுத்திருக்கிறாள். கேட்டால் 'சீச்சீ, என்ன சிஸ்டர் இது' என்று சந்திரம்மா சிரிப்பாள். அதோடு விஷயம் முடிந்தது.

இரண்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு, டோரதி பதினாலாவது கட்டிலின் திரையை இழுத்துவிட்டுச் சார்ட்டைக் கையில் எடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"மோஷன் போச்சா? யூரின் போச்சா? உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

"போச்சு," என்றாள் சந்திரம்மா சுவரைப் பார்த்தபடியே. "போச்சு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"தோணுது சிஸ்டர்."

டோரதியின் பேனா சார்ட்டின் மேல் நின்றது. மோஷனுக்குக் கட்டம் இருந்தது, யூரினுக்குக் கட்டம் இருந்தது. இதை எழுத அந்தத் தாளில் எங்கேயும் இடமில்லை.

"எப்பலேருந்து?"

"உகாதி பண்டிகை முடிஞ்சதுலேருந்து. சட்டை கையில இருக்கும், பட்டனைப் பாக்கறேன், எதுக்குப் பாக்கறேன்னு புரியாது. பொழுது விடிஞ்சா பயமா இருக்கும் சிஸ்டர். இன்னும் ஒரு நாளான்னு இருக்கும். மகள் மொகம் குறுக்க வரும். அதுக்காக எழுந்திருப்பேன்."

"வயிறு வலிக்குதுன்னுதானம்மா வந்தே?"

"வயிறும் வலிக்குது." சந்திரம்மா முதல் முறையாகத் திரும்பினாள். "மனசு வலிக்குதுன்னா எந்த கவுன்ட்டர்ல நின்னு சீட்டு வாங்கறது? அஞ்சு நாளா காலையும் சாயங்காலமும் மோஷன் கேட்டீங்க. இதை இன்னிக்குத்தான் கேட்டீங்க."

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமே இல்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது. டோரதி கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தது தெரிந்தது. நாடி பார்க்கிற மாதிரி சந்திரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாட்சைப் பார்க்கவில்லை.

இனி என்ன சொல்ல வேண்டும்? என்ன செய்ய வேண்டும்? அதைத்தான் அந்தப் பெண் முக்கால் மணி நேரம் சொல்லியிருப்பாள். அந்த முக்கால் மணி நேரத்தை டோரதி அமலைத் திட்டுவதில் செலவழித்திருந்தாள்.

"டீனா!" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இங்க வந்து உக்காரு. பெட்டு மேலயே உக்காரு. நான் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வர வரைக்கும் இவங்க கையை விடக்கூடாது."

"அந்த ட்ரெயினிங் மேடமா சிஸ்டர்? அவங்க ரெண்டாவது பேட்ச்சையும் முடிச்சிட்டு இப்பதான் கெளம்பினாங்க."

டோரதி ஓடினாள்.

காரிடாரில் நின்றவர்கள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சீனியர் சிஸ்டர் ஓடினால் எங்கோ நெருப்புப் பிடித்திருக்க வேண்டும் என்று ஆண்கள் வார்டிலிருந்து இரண்டு பேர் எழுந்துவந்து வாசலில் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வார்டு பாய் எதற்கும் இருக்கட்டும் என்று தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

கேட்டுக்கு வெளியே ஸ்ரீரஞ்சனி ஆட்டோவில் ஏறிவிட்டிருந்தாள். டோரதி நேராகப் போய் ஆட்டோவுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தாள். டிரைவர் பிரேக் அடித்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

ஸ்ரீரஞ்சனி நடுங்கிப்போய் இறங்கினாள். "ஆன்ட்டி, ப்ளீஸ், ரோடுல வேண்டாமே. அமல் விஷயம் நானே நேர்ல வந்து..."

"அமல் கெடக்கறான்!" மூச்சு வாங்கியது டோரதிக்கு. "பதினாலாவது பெட்டு. அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஆமான்னுட்டா. அப்புறம் என்ன சொல்லணும்? எனக்குத் தெரியல. வா."

அடுத்த அரை மணி நேரம் டோரதி திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஸ்ரீரஞ்சனி அதிகம் பேசவே இல்லை. இரண்டு மூன்று கேள்வி கேட்டாள். மீதி நேரமெல்லாம் சந்திரம்மாதான் பேசினாள், ஐந்து நாளாக வாயே திறக்காத சந்திரம்மா. பிறகு மனநல டாக்டருக்குப் போன் போயிற்று. டிஸ்சார்ஜ் ரத்தாயிற்று. பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். மகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த ஸ்ரீரஞ்சனி, "நீங்க கேட்டதாலதான் சிஸ்டர்," என்றாள்.

"மோஷனோட சேத்துக் கேட்டேன்."

ஸ்ரீரஞ்சனி வந்த சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். "பரவாயில்ல. கேட்டீங்களே."

மாலை ஐந்தரைக்கு டோரதி வீட்டுக்கு வந்தபோது, ஓஸ்வால்ட் காலையில் விட்டுப்போன அதே நிலையில் இருந்தார். மூடிவைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. அவள் பையைக்கூட வைக்காமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மோஷன்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது இல்ல. ஏங்க, உங்களுக்கு எப்படி இருக்குது?"

ஓஸ்வால்ட் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்தக் கேள்வி இந்தக் குரலில் வந்ததாக அவருக்கு நினைவில்லை போலும். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பயந்த மாதிரி அவள் முகத்தையே பார்த்தார்.

டோரதி காத்திருந்தாள். சும்மா காத்திருப்பது காரிடாரில் ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. தொண்டை வரைக்கும் வந்த 'எழுந்திருங்க'வை மூன்று முறை விழுங்கினாள்.

"இருந்தும் என்னன்னு இருக்குது டோரா," என்றார் கடைசியில்.

"செத்துப் போலாம்னு தோணுதா?"

"இல்ல. அது இல்ல. பாரமா இருக்கேன்னு தோணும்." சுவரில் விரலால் கோடு போட்டார். "உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிட்டேன். அமல்தான் கூட்டிட்டுப் போனான். உன் ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் என்னைத் தெரியும்னு வேற எடத்துக்குப் போனோம். அங்கதான் அந்தப் பொண்ணு வேலை பாக்குது. எனக்கு வெயிட் பாத்து எழுதினது அவதான். இவன் என் ஃபைலைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே நின்னான். அப்புறம் என் ஃபைல் இல்லாமலும் நின்னான்."

டோரதிக்கு ஹாலில் வெடித்த சிரிப்பு மறுபடியும் காதில் கேட்டது. 'அதுக்கு மேல என்னால எதுவும் சொல்ல முடியாது சிஸ்டர்.' எல்லாம் தெரிந்துகொண்டே, ஒரு வார்த்தை விடாமல் நின்றிருக்கிறாள் அந்தப் பெண்.

"அப்ப அந்த ஷேவ்?"

"மாத்திரை."

"ஏரிக்கரை வாக்கிங்?"

"மாத்திரைதான்."

"கொயர்ல பாடினது?"

"அதுவும்." அவள் முகத்தைப் பார்த்து ஓஸ்வால்டுக்கு இரக்கம் வந்துவிட்டது. "நீ சத்தம் போட்டதும் கொஞ்சம் இருக்கலாம்."

"பொய் சொல்லாதீங்க," என்றாள் டோரதி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுல ஒரு நர்ஸை வச்சுக்கிட்டு ஏங்க என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா எழுந்திருங்கன்னு சொல்லுவே."

டோரதி அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். வெளியே தெருவில் சிலிண்டர் வண்டி போயிற்று.

"ஞாயித்துக்கிழமையிலேருந்து மாத்திரை போடல," என்றார் ஓஸ்வால்ட் மெதுவாக.

மாத்திரையை நிறுத்தினாரா! இதுவே வார்டாக இருந்தால் அவள் போடுகிற சத்தத்தில் மூன்றாவது மாடி ஜன்னல் திறக்கும். டோரதி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"ஏன்?"

"நீ அந்தப் பொண்ணு வேண்டாம்னுட்ட. நான் அங்க போனதாலதான இவங்க பழகினாங்க? வீட்டுல நாலு நாளா பேச்சில்ல. எல்லாம் என்னாலதான். இனி எந்த மொகத்தை வச்சிக்கிட்டு அவ முன்னாடி போய் நிக்கறது?"

"அவ மொகத்துக்கு ஒண்ணும் இல்ல. நல்ல மொகம்தான்." சொல்லிவிட்டு டோரதியே திகைத்தாள். "நாளைக்கு லீவு போடறேன். டாக்டர்கிட்ட போய் நிறுத்தினதைச் சொல்லிடலாம். நானும் வரட்டுமா? வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறேன்."

ஓஸ்வால்ட் யோசித்தார்.

"உள்ளயே வா. ஆனா நீ பேசக்கூடாது."

"ஒரு வார்த்தை கூடவா?"

"குட் மார்னிங் சொல்லலாம்."

கேட் திறந்தது. அமல் உள்ளே வந்தான். அறை வாசலில் நின்று, அம்மா கட்டிலில் உட்கார்ந்திருப்பதையும் அப்பாவின் கை அவள் கைக்குள் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வண்டியில் வரும்போது யோசித்து, கழற்றாமலிருப்பதே நல்லது என்று முடிவு செய்திருந்தான் போல.

"ரஞ்சனி ஃபோன் பண்ணா," என்றான் கண்ணாடிக்குள்ளிருந்து. "கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. உங்கம்மாவை எதுவும் சொல்லாதேன்னு மட்டும் சொல்றா. என்ன மம்மி பண்ணின அவளை?"

"ஹெல்மெட்டைக் கழட்டுடா. அடிக்க மாட்டேன்."

நான்கு நாளில் அம்மா அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அமல் கழற்றினான். முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"அந்தப் பொண்ணை ஒரு நாள் வரச் சொல்லு. கேக்க வேண்டியது நெறைய இருக்குது," என்றாள் டோரதி. "முதல்லயே கேட்டிருக்கணும்."

சந்தோஷப்பட வேண்டிய அமல் முகம் இன்னும் கோணலானது.

"அது வந்து... அவங்க அம்மா கோமளம் ஆன்ட்டி இப்பதான் எனக்கு ஃபோன் பண்ணாங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவங்களும் அங்கிளும் நம்ம வீட்டுக்கு வராங்க."

"இவ்வளவு சீக்கிரமாவா? அவங்கப்பா ஒத்துக்கிட்டாரா?"

"ஆன்ட்டிக்கு விஷயம் தெரியும். வெங்கடராமன் அங்கிளுக்கு இன்னும் தெரியாது. சொன்னா வர மாட்டார்னு ஆன்ட்டி ஒரு ஐடியா பண்ணிட்டாங்க." அமல் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினான். "நம்ம வீட்டு மாடி போர்ஷன் வாடகைக்கு வருதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வராங்க. பொண்ணு வேலைக்குப் போக வசதியா இருக்கும்னு சொல்லியிருக்காங்களாம். அங்கிள் அளவு டேப்பெல்லாம் எடுத்து வச்சிட்டாராம்."

கட்டிலில் ஓஸ்வால்ட் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"நமக்கு மாடியே இல்லையேடா," என்றார்.